அளக்காமல் வந்த ஐங்கோணம்

இது நடந்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம். ஆம்பூருக்குப் பக்கத்தில், பாலாற்றை ஒட்டி இருக்கும் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். வேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருடைய அம்மாவோ அப்பாவோ ஷூ கம்பெனியிலோ தோல் பதனிடும் டேனரியிலோ வேலை செய்கிறவர்கள்.

என்னைப் பற்றிப் பள்ளியில் ஒரு பேச்சு உண்டு. 'அந்த டீச்சர்கிட்ட காப்பி அடிச்சுட்டுத் தப்பிக்க முடியாது' என்பார்கள். அதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குக் காரணமும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு பள்ளியில், ஒரு பையன் கொண்டுவந்த மாடலைப் பார்த்து மயங்கி அதற்கு முதல் பரிசு கொடுத்துவிட்டேன். கண்காட்சி பார்க்க வந்தவர்களில் ஒருவர் அதன் முன்னால் நின்று, "இது நம்ம கடையில செஞ்சது டீச்சர், நல்லா வந்திருக்குதா?" என்று என்னிடமே பெருமையாகக் கேட்டார். மற்ற ஆசிரியர்கள் ஒரு மாதம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அன்றோடு முடிவு செய்தேன், இனி எவரிடமும் ஏமாறக் கூடாது என்று.

அந்த வருடம் கணித மன்றக் கண்காட்சிக்கு எட்டாம் வகுப்புக்கு நான் கொடுத்த தலைப்பு, 'புகழ்பெற்ற அரசுக் கட்டடங்களும் அவற்றின் வடிவங்களும்'. வட்டம், முக்கோணம் எல்லாம் புத்தகத்துக்குள் மட்டும் இருப்பவை என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது அல்லவா? டெல்லியில் பழைய நாடாளுமன்றம் வட்டம், அதற்குப் பக்கத்திலேயே கட்டிய புதியது முக்கோணம், அந்த மனையே மூன்று மூலையாக இருந்ததுதான் காரணம் என்றெல்லாம் சொன்னேன். ஆளுக்கு ஒரு கட்டடம். மாடல் செய்ய வேண்டும். அதன் வரலாற்றை ஒரு நோட்டில் எழுத வேண்டும். கோணம் தப்பாக இருந்தால் மார்க் கிடையாது என்றும் சொல்லி வைத்தேன்.

திங்கட்கிழமை எல்லோரும் கொண்டுவந்தார்கள். ஒருவன் பிளாஸ்டிக் டப்பா மூடியைச் சுற்றி சாக்பீஸ்களை நிறுத்திப் பழைய நாடாளுமன்றம் செய்திருந்தான். இன்னொருவன் வேலூர்க் கோட்டை. அகழிக்காக ஊற்றிய சொட்டு நீலத் தண்ணீர் ஒழுகி, பக்கத்தில் இருந்தவளின் பாவாடையெல்லாம் நீலம். வகுப்பே சந்தையாக இருந்தது. முக்கோண நாடாளுமன்றம் மட்டும் ஏழு பேர் செய்திருந்தார்கள். முக்கோணம் சுலபம் என்று பிள்ளைகளுக்குத் தெரியாதா?

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் ஒரு தட்டையான பெட்டியை எடுத்து வந்து என் மேஜையில் வைத்தாள். அமைதியான பெண். காலாண்டில் கணக்கில் முப்பத்தெட்டு மார்க். வடிவியலில்தான் அதிகம் போயிருந்தது. பெட்டியைத் திறந்தால், அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன்.

அந்தக் கட்டடத்தை மேலிருந்து எடுத்த படத்தில் பார்த்திருப்பீர்கள். ஐந்து பக்கம். ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து சுற்றுகள். நடுவில் ஐந்து மூலை முற்றம். வெளியிலிருந்து முற்றத்தை நோக்கி ஓடும் நடைபாதைகள். அத்தனையும் அந்த மாடலில் இருந்தது. ஷூவுக்குள் வைக்கிற கெட்டி அட்டைதான் தரை. அதன் மேல் மெல்லிய தோல் வாரை நிறுத்தி ஒட்டிச் சுவர்களாக்கியிருந்தாள். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளி.

கணக்கு டீச்சருக்குத்தான் இதில் உள்ள கஷ்டம் தெரியும். ஒழுங்கான ஐங்கோணம் வரைவது லேசில்லை. ஒவ்வொரு மூலையும் நூற்றெட்டு பாகை இருக்க வேண்டும். ஒரு மூலையில் ஒரு பாகை பிசகினால் போதும், கடைசிப் பக்கம் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேராது. என் வகுப்பில் நாற்பது பேரை வரையச் சொன்னால் நாலு பேருக்குச் சேர்ந்தால் அதிகம்.

பாகைமானியை எடுத்து மூலை மூலையாக வைத்துப் பார்த்தேன். நூற்றெட்டு. நூற்றெட்டு. உள்சுற்றிலும் நூற்றெட்டு. எனக்கு அந்தப் பழைய கடைக்காரர் ஞாபகம் வந்துவிட்டது.

"இது யார் செஞ்சது?"

"நான்தான் டீச்சர்."

"கோணம் எப்படி அளந்த?"

"அளக்கல டீச்சர்."

வகுப்பு சிரித்தது.

"அளக்காம நூத்தி எட்டு எப்படி வரும்?"

அவள் கையைப் பிசைந்தாள். "முடிச்சு போட்டேன் டீச்சர். போட்டா அதுவா வந்துடும்."

இப்போது எல்லோரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். என்னைக் கேலி செய்கிறாள் என்றே நினைத்தேன். "கம்பெனியில மெஷின்ல வெட்டி வாங்கிட்டு வந்து என்கிட்டயே கதை சொல்றியா? முடிச்சு போட்டாளாம், முடிச்சு!" என்றேன். அவள் என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். மாடலோடு வைத்திருந்த நோட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், அதன் மேலட்டையிலேயே சிவப்பு மையில் ஒரு பூஜ்யம் போட்டுக் கொடுத்தேன். அவள் அதை வாங்கவில்லை. மேஜையிலேயே விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அழவும் இல்லை. மாடலையும் நோட்டையும் பீரோ மேல் ஏற்றி வைத்தேன்.

மறுநாள் அவள் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. அதைப் பற்றி நான் பெரிதாக யோசிக்கவும் இல்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை தலைமை ஆசிரியை வகுப்புக்கு வந்தார். சனிக்கிழமை கண்காட்சி. எதை முன்னால் வைப்பது என்று பார்த்துக்கொண்டே வந்தவர் பீரோ மேல் இருந்ததை இறக்கச் சொன்னார். பார்த்துவிட்டு, "இதைத்தான் வாசல்ல வைக்கணும். எந்தப் பிள்ளை இது? பேர் எழுதி வைங்க" என்றார். விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மணி அடித்தது, அவர் போய்விட்டார்.

மதிய இடைவேளையில் அந்த நோட்டை முதல் முறையாகப் பிரித்தேன். இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். கோணல் கையெழுத்து. ரகரமும் றகரமும் அங்கங்கே இடம் மாறியிருந்தன. அதனால்தான் எங்கேயும் பார்த்து எழுதவில்லை என்பது தெரிந்தது. படித்துத் தெரிந்துகொண்டதைத் தன் வார்த்தையில் எழுதியிருந்தாள். முதலில் கட்ட நினைத்த இடத்தைச் சுற்றி ஐந்து பக்கமும் சாலைகள் இருந்தனவாம். அதற்குப் பொருந்தத்தான் ஐந்து பக்கமாக வரைந்தார்களாம். பிறகு இடத்தை மாற்றிவிட்டார்கள். புதிய இடத்தில் அந்தச் சாலைகள் இல்லை. ஆனாலும் வடிவத்தை மாற்றவில்லை. போர் நடந்துகொண்டிருந்த காலம் என்பதால் அவ்வளவு அவசரம். இவ்வளவு பெரிய கட்டடமாக இருந்தும் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஏழு நிமிடத்தில் நடந்துவிடலாம் என்றும் எழுதியிருந்தாள்.

கடைசிப் பத்தியை அப்படியே சொல்கிறேன். இன்று வரை எனக்கு மறக்கவில்லை. 'அந்த ஊர் சட்டப்படி கருப்பு மக்களுக்கு தனி கக்கூஸ் கட்ட வேண்டும். அதனால் வேண்டியதை விட இரண்டு மடங்கு கக்கூஸ் கட்டினார்கள். ஆனால் யாருக்கு எது என்று போர்டு மாட்டக் கூடாது என்று அதிபர் சொல்லிவிட்டார் என்று சொல்கிறார்கள். அதனால் எல்லாரும் எல்லாவற்றிலும் போனார்கள். எனக்கு இந்த கட்டடத்தில் இதுதான் பிடித்தது.'

எங்கள் பள்ளியில் டீச்சர்களுக்குத் தனிக் கழிவறை. அதன் சாவி என் மேஜை டிராயரில்தான் இருந்தது. அந்தப் பத்தியை மறுபடி ஒரு முறை படித்தேன். கடையில் காசு கொடுத்து மாடல் வாங்கி வருகிற பிள்ளை இப்படி ஒரு பத்தி எழுதாது. அது தெரிந்துவிட்டது. ஆனால் அந்த நூற்றெட்டு மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை.

பள்ளி விட்டதும், அவள் பெஞ்சில் உட்காரும் பெண்ணிடம் வழி கேட்டுக்கொண்டு கிளம்பினேன். ஆற்றுப் பாலம் தாண்டி, ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, சர்ச்சுக்குப் பின்னால் மூன்றாவது சந்து. மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொன்னால் பொய். உண்மையைத் தெரிந்துகொள்ளப் போனேன். மனதின் ஒரு மூலையில், வீட்டில் யாராவது 'நாங்கதான் செஞ்சு கொடுத்தோம்' என்று சொல்லிவிட மாட்டார்களா என்ற ஆசை கூட இருந்தது.

கதவு திறந்தே இருந்தது. முன்னறை முழுக்க ஷூவின் மேல்பாகங்கள், கம்பெனிகளில் 'அப்பர்' என்பார்களே, அவை கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தன. பசை வாசனை. ஓர் அம்மா தரையில் உட்கார்ந்து ஒரு அப்பரில் கைத்தையல் போட்டுக்கொண்டிருந்தார். கம்பெனியிலிருந்து வாங்கி வந்து வீட்டில் வைத்துத் தைத்துக் கொடுக்கிற வேலை. யார் என்று சொன்னதும் பதறி எழுந்தார்.

"இன்னா டீச்சர், நீங்களே வந்துட்டீங்க? பாப்பாவுக்கு மூணு நாளா வயித்து வலி. அதான் அனுப்பல. உக்காருங்க டீச்சர். லீவ் லெட்டர் குடுக்காதது தப்புதான்."

வயிற்று வலி. வகுப்பில் நடந்த எதையும் வீட்டில் சொல்லவில்லை என்று புரிந்தது. அதே நேரம் அவள் பின்பக்கத்திலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

அந்த அம்மா டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். எதிரில் உட்கார்ந்து, நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைச் சிரித்த முகத்தோடு கேட்டார்.

"அந்தக் கட்டடம் எப்படி இருந்துச்சு டீச்சர்? நாலு நாளு டிவி கூட பாக்கல இவ. கை எல்லாம் பசை. இன்னா மார்க் போட்டீங்க?"

நான் பொய் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. "நல்லா இருந்துச்சும்மா. மார்க் இன்னும் போடல."

அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். பிறகு குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் நினைத்திருந்தால் அந்த இடத்திலேயே என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. பொய்யைக் கண்டுபிடிப்பதில் பேர் வாங்கிய நான், ஒரு பதிமூன்று வயதுப் பெண் முன்னால் பொய் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பேச்சை மாற்ற, "யாராவது உதவி செஞ்சாங்களாம்மா?" என்றேன்.

"யாரு செய்வாங்க டீச்சர்? இவ அப்பா பெங்களூர்ல பெயின்ட் அடிக்கறாரு, மாசத்துக்கு ரெண்டு தபா வருவாரு. எனக்கு இந்த வேலைக்கே நேரம் பத்தல. லைனிங் தோல் துண்டு கேட்டா, குடுத்தேன். அட்டை கேட்டா, குடுத்தேன். அறுத்தது, ஒட்டினது எல்லாம் இவதான்."

"ஏதோ முடிச்சுன்னு சொன்னா..."

"அதச் சொன்னாளா?" என்று அந்த அம்மா சிரித்தார். "அது எங்க கட்டு முடிச்சு டீச்சர். அப்பர் எல்லாம் கட்டி அனுப்பணும் இல்ல? முடிச்சு புடைச்சுக்கிட்டு இருந்தா அடியில இருக்கற தோல்ல தடம் விழுந்துடும், கம்பெனியில திருப்பி அனுப்பிடுவாங்க. அதனால தட்டையா போடணும்."

சொல்லிக்கொண்டே பக்கத்தில் கிடந்த ஒரு தோல் வாரை எடுத்தார். இரண்டு விரல் அகலம் இருக்கும். அதை ஒரு வளையமாகச் சுற்றி, ஒரு முனையை வளையத்துக்குள் நுழைத்தார். நாம் தினமும் போடுகிற சாதாரண முடிச்சுதான். ஆனால் வெடுக்கென்று இழுக்கவில்லை. வார் சுருங்காதபடி கட்டை விரலால் நீவிக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு முனைகளையும் இழுத்தார். மடிப்புகள் ஒன்றன் மேல் ஒன்று படிந்தன. சின்னச் சுத்தியால் நாலு தட்டு தட்டி என் கையில் கொடுத்தார்.

ஐந்து மூலை.

வால்போல நீண்டிருந்த இரண்டு முனைகளையும் மடித்து மறைத்துப் பார்த்தேன். பிசகில்லாத ஐங்கோணம். என் கைப்பையில் பாகைமானி இருந்தது. அதை எடுத்து வைத்துப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஆனாலும் வைத்துப் பார்த்தேன். நூற்றெட்டு.

"அகல வார்ல போட்டா பெருசா வரும், சன்ன வார்ல போட்டா சின்னதா வரும் டீச்சர்." அந்தப் பெண்தான் பேசினாள். என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள். "அஞ்சு அகலத்துல வார் அறுத்து அஞ்சு முடிச்சு போட்டேன். அத அட்டை மேல வச்சு சுத்தி வரஞ்சேன்."

முப்பத்தெட்டு மார்க் வாங்கிய பெண். அளவுகோலும் கவராயமும் பாகைமானியும் வைத்துக்கொண்டு என் வகுப்பு செய்ய முடியாததை இவள் ஐந்து முடிச்சுகளில் செய்திருக்கிறாள். இத்தனை வருடம் ஐங்கோணத்தைப் பாடம் நடத்திய எனக்கு, ஒரு வாரை முடிச்சுப் போட்டால் அது கிடைக்கும் என்று தெரியாது. தெரியாதது கூடப் பெரிய குற்றமில்லை. அவள் அதை வகுப்பிலேயே சொன்னாள். ஒரே ஒரு வாக்கியத்தில், எல்லாவற்றையும் சொன்னாள். நான்தான் கேட்கவில்லை.

அதற்கு மேல் அந்தப் பொய்யோடு உட்கார்ந்திருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். பூஜ்யம் போட்டது, மெஷினில் வெட்டி வாங்கி வந்தாயா என்று கேட்டது, பிள்ளைகள் சிரித்தது, இவள் முடிச்சு என்று சொல்லியும் நான் கேலி செய்தது, இப்போது அவரிடமும் பொய் சொன்னது, எல்லாவற்றையும்.

அந்த அம்மாவின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. மகளைப் பார்த்தார். "வயித்து வலின்ன?" என்று மட்டும் கேட்டார். அவர் கீழே வைத்த அப்பரை மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஊசியை ஏற்றினார், இழுத்தார். இரண்டு மூன்று தையல் போனது. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

"மார்க் கம்மியா வாங்குவா டீச்சர்," என்றார் கடைசியில், தலை நிமிராமல். "அது எனக்கும் தெரியும். அதுக்காக அவள நான் அடிச்சும் இருக்கேன். ஆனா பொய் சொல்ல மாட்டா."

"ஆமாம்மா. தப்பு என் மேலதான். மன்னிச்சுடுங்க."

"எல்லார் முன்னாடியும் சொன்னீங்களா?"

"ஆமாம்."

"அப்ப எல்லார் முன்னாடியும் திருப்பிச் சொல்லிடுங்க. வேற ஒண்ணும் வேணாம்." பிறகு, கொஞ்சம் இறங்கிய குரலில், "டீ ஆறிடுச்சு பாருங்க. குடிங்க" என்றார்.

குடித்தேன்.

ஷேர் ஆட்டோ நிற்கும் இடம் வரைக்கும் மகளை என்னோடு அனுப்பினார். சர்ச் முனை வந்ததும், "அம்மாகிட்ட ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன்.

அவள் நடந்துகொண்டே சொன்னாள். "அந்த முடிச்சு அம்மா சொல்லிக் குடுத்தது டீச்சர். டீச்சரே தப்புன்னு சொல்லிட்டாங்கன்னா அம்மா பேஜார் ஆயிடுவாங்க."

தன் அவமானத்தை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவின் கைவேலையை ஒரு படித்த டீச்சர் தப்பு என்று சொன்னது அம்மா காதுக்குப் போய்விடக் கூடாது என்றுதான் மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

வேலூர் போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. அவள் நோட்டில் எழுதியிருந்ததுதான் திரும்பத் திரும்ப வந்தது. ஐந்து சாலைகளுக்காக வரைந்த வடிவம், சாலைகள் இல்லாத இடத்துக்கு வந்த பிறகும் அப்படியே நிற்கிறது. என் சந்தேகமும் அதுபோலத்தான் என்று தோன்றியது. என்றைக்கோ ஒரு பையன் என்னை ஏமாற்றினான். அன்று அதற்குத் தேவை இருந்தது. அந்தப் பையனும் போய்விட்டான், அந்தப் பள்ளியும் போய்விட்டது. நான் மட்டும் அதே வடிவத்தில், வந்து நிற்கிற எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் சுவர் மாதிரி நின்றுகொண்டிருந்திருக்கிறேன். இந்தப் பெண்ணுக்கு முன்னால் இப்படி எத்தனை பேரிடம் நடந்துகொண்டேன்? சில முகங்கள் ஞாபகம் வந்தன. அவர்களில் யார் உண்மையைச் சொன்னார்கள் என்று இப்போது கண்டுபிடிக்க வழியில்லை. இந்த விஷயத்தில் என்னை இன்றும் தொந்தரவு செய்வது அதுதான்.

வெள்ளிக்கிழமை அவள் வந்திருந்தாள். வருகைப் பதிவு எடுப்பதற்கு முன்னாலேயே எழுந்து நின்று சொல்லிவிட்டேன். "திங்கட்கிழமை நான் சொன்னது தப்பு. அந்த மாடலை அவதான் செஞ்சா. அவ உண்மையத்தான் சொன்னா. எனக்குத்தான் தெரியல." பதினெட்டு வருட சர்வீஸில் ஒரு வகுப்பின் முன்னால் நான் இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. சிரிக்கவும் இல்லை. நோட்டில் இருந்த பூஜ்யத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, முழு மார்க்கை எழுதினேன்.

பிறகு எல்லோரையும் நோட்டுத்தாளில் நீளமாக ஒரு பட்டை கிழிக்கச் சொன்னேன். அவளைக் கூப்பிட்டு முடிச்சுப் போட்டுக் காட்டச் சொன்னேன். முதலில் தயங்கினாள். பிறகு பெஞ்ச் பெஞ்சாகப் போய், "இழுக்காத, நீவு, நீவு" என்று திருத்த ஆரம்பித்தாள். அரை மணி நேரத்தில் வகுப்பு முழுக்க ஐங்கோணம். அகழி ஒழுகிய பையன்தான் எழுந்து கேட்டான். "டீச்சர், ஏன் கரெக்டா அஞ்சு வருது? ஆறு ஏன் வரல?"

எனக்குத் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

அன்று மாலை வீட்டில் காகிதப் பட்டைகளை முடிச்சுப் போடுவதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தேன். என் கணவர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். பிரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. மடிப்புத் தடங்களுக்கு நடுவில் ஒரே அளவுள்ள சரிவகங்கள் வரிசையாக விழுந்திருந்தன. பட்டையின் அகலம் எங்கும் ஒன்றாக இருப்பதால் அவை வேறு மாதிரி விழவே முடியாது. ஐங்கோணத்தின் மூன்று பக்கமும் ஒரு மூலைவிட்டமும் சேர்ந்ததுதான் ஒவ்வொரு சரிவகமும். கல்லூரியில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த எந்தத் தேற்றமும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை.

சனிக்கிழமை கண்காட்சியில் அந்த மாடல் வாசலிலேயே இருந்தது. முடிகிற நேரத்தில் அந்த அம்மா வந்தார். அன்று கம்பெனிக்குச் சரக்கு அனுப்புகிற நாளாம், அனுப்பிவிட்டு நேராக வந்திருந்தார். விரல் நுனிகளில் காய்ந்த பசை. மாடலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த மகளின் இரண்டு பக்கங்களையும் எழுத்துக்கூட்டி, கடைசி வரைக்கும் படித்தார். அப்புறம் குனிந்து, மூன்றாவது சுற்றின் ஒரு மூலையை நகத்தால் தட்டிப் பார்த்து, "இங்க பசை விட்டுப்போச்சு பாரு, ஒட்டிடு" என்று மகளிடம் சொன்னார். என்னிடம் எதுவும் பேசவில்லை. போகும்போது மட்டும், "வர்றேன் டீச்சர்" என்றார்.

அதற்கப்புறம் அந்தப் பெண் கணக்கில் புலியாகிவிட்டாள் என்று முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். அப்படி ஆகவில்லை. இப்போது பத்தாம் வகுப்பு. நிரூபணம் எழுதச் சொன்னால் இன்றும் பாதியில் வழி தவறிவிடுகிறாள். ஆனால் செய்முறை வடிவியலில் ஒரு கோடு பிசகாது. என்னிடம் மரியாதையாக நடந்துகொள்கிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். கேட்காத எதையும் அவளாக வந்து சொன்னதில்லை. அந்தத் திங்கட்கிழமை அவள் மூடிக்கொண்ட வாய் என் முன்னால் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை என்று நினைக்கிறேன். அதைக் கேட்டு வாங்குகிற உரிமை எனக்கில்லை.

இன்றைக்கும் பிள்ளைகள் காப்பி அடிக்கிறார்கள், கடையில் வாங்கி வருகிறார்கள், நானும் கண்டுபிடிக்கிறேன். ஆனால் ஒரு பிள்ளை என் காதுக்கு அபத்தமாகப் படுகிற ஒரு பதிலைச் சொல்லும்போது, வகுப்பு சிரிக்கத் தொடங்கும்போது, பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எப்படின்னு செஞ்சு காட்டு, பாக்கறேன்" என்று சொல்ல எனக்கு இப்போது வருகிறது. சில நாள் காலதாமதமாகத்தான் வருகிறது என்றாலும்.